பேர் தெரியாத பூவுக்குக் கட்டிய வேலி

பள்ளிக்கூடத்துக்குக் கிளம்புவதற்காகச் சேலை மடிப்பைச் சரிசெய்துகொண்டிருந்தேன். வாசலில் ஏதோ பொத்தென்று விழுந்தது. கதவைத் திறந்தால் படிக்கட்டில் சேறும் புல்லுமாக ஒரு பிடி கிடந்தது. புல்லுக்கு நடுவே ஊதா நிறத்தில் பூக்கள், எல்லாம் தலையைத் தொங்கப்போட்டபடி. கேட்டுக்கு வெளியே பக்கத்து வீட்டுக்காரி நின்றுகொண்டிருந்தாள். மழைக்கு உரச்சாக்கை மடித்துத் தலையில் கவிழ்த்திருந்தாள். கையெல்லாம் சேறு.

“ஏனுங் டீச்சர், உங்க பூவு என்ற மாட்டைக் கொன்னுபோட்டுது. வந்து பார்த்துட்டுப் பள்ளிக்கூடம் போங்க.”

எங்கள் பக்கத்துச் சண்டைகளில் இந்த ‘ங்க’ மட்டும் கடைசிவரை உதிராது. கொல்லப் போகும்போதுகூட மரியாதையாகத்தான் கூப்பிடுவார்கள். கோயம்புத்தூர்ப் பக்கத்திலிருந்து மலைக்கு வந்து இத்தனை வருஷம் ஆன பிறகும் எனக்கும் அது போகவில்லை.

“என்னோட பூவாங்க?” என்றேன். “நானா நட்டேன்?”

“வேலி கட்டுனது நீங்கதானுங்க.”

அது உண்மைதான்.

அரவேணுவுக்குக் கீழே, தேயிலைத் தோட்டம் முடிகிற சரிவில் எங்கள் வீட்டையும் சேர்த்து ஏழெட்டு வீடுகள் இருக்கின்றன. என் கணவருக்குத் தேயிலை ஃபேக்டரியில் வேலை. எனக்கு அங்கிருந்து பஸ்ஸில் போகிற தூரத்தில் ஒரு பள்ளிக்கூடம், உயிரியல் பாடம். பக்கத்து வீட்டுக்காரிக்கு இரண்டு கறவை மாடுகள் இருந்தன. அவளுடைய கணவர் தோட்டத்தில் தேயிலைச் செடிகளைக் கத்தரிக்கிற கவாத்து வேலைக்குப் போவார். பேச்சு குறைவு. அவருக்கும் சேர்த்து அவளே பேசிவிடுவாள்.

சண்டை பூவினால் வந்ததல்ல. மேலே இருக்கிற ஊற்றிலிருந்து ஒரே குழாயில்தான் இரண்டு வீட்டுக்கும் தண்ணீர். நாங்கள் வேலைக்குப் போனதும் அவள் குழாயைத் திருப்பி மாட்டுக் கொட்டகைத் தொட்டியில் விட்டுவிடுவாள். சாயந்திரம் வந்து பார்த்தால் எங்கள் டிரம் காலியாக இருக்கும், கொட்டகையைக் கழுவிய சாணித் தண்ணீர் மட்டும் எங்கள் சமையலறை ஓரமாக ஓடும். கேட்டால், “மாடு வாயில்லாத ஜீவனுங்க, உங்களுக்குத்தான் வாய் இருக்குதே, ஃபேக்டரியில கேட்டு வாங்கிக்குங்க” என்பாள். நான் பஞ்சாயத்தில் சொல்லி வால்வுக்குப் பூட்டுப் போட வைத்தேன். அவள் பூட்டை உடைத்தாள். இப்படியே நாலைந்து வருஷம். அவள் மேல் எனக்கு ஒரு துளி அன்பு கிடையாது. அவளுக்கும் அப்படித்தான்.

வீடுகளுக்குக் கீழே ஒரு பள்ளம் இருக்கிறது. யாருக்கும் பட்டா இல்லாத நிலம். வருஷம் முழுக்க ஈரம் காயாது. தேயிலை நட்டுப் பார்த்து, வேர் அழுகி, விட்டுவிட்டார்கள். அதனால் முழங்கால் உயரத்துக்குப் புல் வளர்ந்து கிடக்கும். மழைக்காலத்தில் கால் வைத்தால் தரை பஞ்சு மாதிரி அமுங்கி, செருப்பைப் பிடித்துக்கொள்ளும். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் அங்கே இறங்கிப் போவேன். அந்தப் பள்ளத்தில்தான் யாரும் என்னிடம் எதுவும் கேட்க மாட்டார்கள்.

ஆடி மாதக் கடைசியில் ஒருநாள், புல்லை விலக்கியபோது அந்தப் பூக்களைப் பார்த்தேன். முதலில் காளான் என்று நினைத்தேன். ஒரு இலைகூட இல்லை. மண்ணிலிருந்து வெளிறிய சிவப்பில் ஒரு காம்பு, ஈர்க்குச்சியைவிடக் கொஞ்சம் தடிமன், ஒரு சாண் உயரம். அதன் நுனியில் ஒரே ஒரு பூ, புகைக்கிற பைப்பைக் கவிழ்த்துப் பிடித்தது மாதிரி வளைந்து கீழே பார்த்தது. உட்கார்ந்து பார்த்தால்தான் அது பூ என்றே தெரிந்தது. உள்ளே அடர்ந்த ஊதா. சுற்றிலும் இன்னும் பத்துப் பதினைந்து. மலை முழுக்கப் பச்சையாக இருக்கிற மழைக்காலத்தில் பச்சை என்பதே ஒட்டாத ஒரு செடி. இலையில்லாத ஆர்க்கிட் ஒன்று உண்டென்று படித்த ஞாபகம், அதுவாக இருக்கும் என்று எண்ணிக்கொண்டேன். போனில் படம் எடுத்தேன். மாடு மிதித்துவிடக் கூடாதே என்று நாலு குச்சி ஊன்றி, பழைய சேலைக் கரையைக் கிழித்துச் சுற்றிக் கட்டினேன்.

வரும்போது பக்கத்து வீட்டுக்காரியின் கணவர் எதிரில் வந்தார்.

“ஏனுங்க, அந்தக் கீழ் ஓரத்துல மட்டும் மாட்டை விடாதீங்க. ஒரு பூ இருக்குது. கொஞ்ச நாளைக்குத்தான்.”

“சரிங்க” என்றார் அவர்.

கொட்டகைக்குள்ளிருந்து அவள் குரல் வந்தது. “பொறம்போக்குல வேலி போட இவங்க ஆருங்க? தண்ணியைப் பூட்டுனாங்க, இப்பப் புல்லையும் பூட்டுறாங்க.”

மறுநாளே இரண்டு மாடுகளையும் அந்த ஓரத்திலேயே கொண்டுபோய்க் கட்டினாள். அதைப் பார்த்துக்கொண்டேதான் நான் பஸ் ஏறினேன். சாயந்திரம் பார்த்தபோது குச்சிகள் சாய்ந்து, சேலைக் கரை சேற்றில் மிதிபட்டுக் கிடந்தது. திரும்பவும் ஊன்றினேன். திரும்பவும் கட்டினாள். அந்த வாரக் கடைசியில்தான் பெரிய மாடு செத்தது.

பள்ளிக்கூடத்துக்கு லீவ் சொல்லிவிட்டு அவளுக்குப் பின்னால் இறங்கிப் போனேன். போகாமல் இருந்தால் பயந்து ஒளிந்துகொண்டதாகச் சொல்வாள். பள்ளத்தின் கீழ் ஓரத்தில், நான் ஊன்றிய குச்சிகளுக்குப் பக்கத்திலேயே மாடு கால்களை நீட்டிக் கிடந்தது. கண் திறந்திருந்தது. பின்னங்கால்களில் ஏதோ கருஞ்சிவப்பாகக் காய்ந்திருந்தது. அக்கம்பக்கத்து ஆட்கள் குடையும் சாக்குமாக நின்றார்கள். அவளுடைய கணவர் மாட்டின் கழுத்தருகே குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார்.

“வாயைப் பாருங்க” என்றாள் அவள். கடைவாயில் கொஞ்சம் புல்லும் ஒரு ஊதா இதழும் ஒட்டியிருந்தன. “இதைத் தின்னுட்டுத்தான் உழுந்துது. இலையில்லாத செடி எங்கீங்க இருக்குது? பார்த்தாலே தெரியலீங்களா விஷம்னு?”

காந்தல் என்கிற ஊரிலிருந்து அவளுடைய தம்பி முதல் பஸ்ஸிலேயே வந்து சேர்ந்திருந்தான். தோட்டங்களுக்குக் களைமருந்து அடிப்பதுதான் அவன் தொழில். முதுகில் மாட்டுகிற ஸ்பிரேயரையும் கையோடு கொண்டுவந்திருந்தான். செத்த மாட்டைப் பார்க்க வருகிறவன் ஸ்பிரேயரோடு வருவான் என்றால், போனில் என்ன பேசியிருப்பார்கள் என்று ஊகித்துக்கொண்டேன்.

“பள்ளம் முழுக்க ஒரு தடவை அடிச்சு உட்டா ஒண்ணும் முளைக்காதுங்க” என்று அவன் எல்லோருக்கும் பொதுவாகச் சொன்னான். பிறகு என் பக்கம் திரும்பினான். “டீச்சருங்களாமே? இது என்ன பூவுங்க?”

“தெரியலீங்க” என்றேன்.

“பேரு?”

“அதுதான் தெரியலைன்னு சொல்றேன்.”

“பேரே தெரியாத பூவுக்கா வேலி கட்டுனீங்க?”

நின்றிருந்தவர்கள் சிரித்தார்கள். செத்த மாட்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு சிரித்தார்கள். காது மடலெல்லாம் சூடேறியது. இருபது வருஷமாகப் பிள்ளைகளுக்குச் செடிகொடிகளைப் பற்றிப் பாடம் எடுக்கிறவள் நான்.

“மாட்டு டாக்டரைக் கூப்பிடுவோம்” என்றேன். “அறுத்துப் பார்த்தாத் தெரிஞ்சுபோகும், எதனால செத்துதுன்னு.”

“என்ற மாட்டை அறுக்கச் சொல்ல நீங்க ஆருங்க?” என்று அவள் பாய்ந்து வந்தாள். “உசுரோட இருக்கும்போது மேய உடல. செத்த பொறவு கூறு போடோணுமா?”

“விஷம்னா மத்த மாட்டுக்கும் ஆபத்துதானுங்க. டாக்டர் சொல்லட்டும், நானே நின்னு மருந்து அடிக்கச் சொல்றேன்.”

அப்போதுதான் அவளுடைய கணவர் வாய் திறந்தார். “டாக்டர் வரட்டும்” என்றார். மாட்டைவிட்டுக் கண்ணை எடுக்காமலேயே சொன்னார். அவள் அவரைப் பார்த்த பார்வையில், அன்றைக்கு என் மேல் இருந்த கோபத்தில் பாதி அவர் பக்கம் போனது.

நானே மாட்டாஸ்பத்திரிக்குப் போன் செய்தேன். மத்தியானத்துக்கு மேல் வருவதாகச் சொன்னார்கள். அதுவரை மருந்து அடிக்கக் கூடாது என்று தம்பிக்காரனிடம் சொல்லிவிட்டு மேலே ஏறினேன். அவன் பீடியைப் பற்றவைத்தான்.

வாசற்படியில் அவள் வீசிய பிடி அப்படியே கிடந்தது. கோபத்தில் வேரோடு பிடுங்கியிருந்தாள். அதுவரை நான் ஒன்றைக்கூடப் பிடுங்கிப் பார்த்ததில்லை, மனசு வரவில்லை. இப்போது மண்ணும் புல்லும் வேருமாக அவளே கொண்டுவந்து போட்டிருக்கிறாள். அன்னக்கூடைப் பாத்திரத்தில் தண்ணீர் பிடித்து, சேற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்தேன். அவசரப்பட்டால் அறுந்துவிடும். பல்துலக்கும் பழைய பிரஷ்ஷால் மண்ணைத் தட்டித் தட்டி எடுத்தேன்.

சேறு போனதும் தெரிந்தது. பூக்காம்பின் அடி கொஞ்சம் பருத்து, சிறு கிழங்கு மாதிரி இருந்தது. அங்கிருந்து குட்டையாகச் சில வேர்கள், சதைப்பற்றோடு. அவற்றில் ஒன்று புல்லின் வேரைத் தொட்ட இடத்தில் முடிச்சாகப் பருத்து அதை இறுகப் பிடித்திருந்தது. லென்ஸை வைத்துப் பார்த்தேன். சுற்றிக்கொண்டிருக்கவில்லை, உள்ளேயே புகுந்திருந்தது. புல்லை மெல்ல இழுத்தால் பூவும் கூடவே வந்தது. பூவை இழுத்தால் புல் வந்தது. ஆர்க்கிட் அடுத்த செடியின் வேருக்குள் புகாது, அப்படியென்றால் இது ஆர்க்கிட் இல்லை. நான் எண்ணியது தப்பு.

பச்சையம் கொஞ்சமாவது இருக்கிறதா என்பதையும் பார்த்துவிடலாம் என்று தோன்றியது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் செய்து காட்டுகிற சோதனைதான். காயத்துக்குப் போடுகிற ஸ்பிரிட்டை இரண்டு கிண்ணத்தில் ஊற்றினேன். ஒன்றில் புல்லை நறுக்கிப் போட்டேன், மற்றதில் பூக்காம்பை. அடுப்பை அணைத்துவிட்டு, கொதித்த தண்ணீருக்குள் கிண்ணங்களை வைத்தேன். புல் கிடந்த கிண்ணம் சற்று நேரத்தில் பச்சையாகிவிட்டது. மற்றதில் லேசான பழுப்பு மட்டும். காத்திருந்தேன். பச்சை வரவே இல்லை.

கல்லூரிக் காலத்துத் தாவரவியல் புத்தகத்தைப் பரணிலிருந்து எடுத்தேன். தூசியும் பூஞ்சையும் தும்மலை வரவழைத்தன. பச்சையம் இல்லாமல் வேரில் ஒட்டி வாழ்கிற செடிகள் இந்த மலைகளில் சில உண்டு. ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்தேன். ஒரு வகையில் ஒரே தண்டில் அடுக்கடுக்காகப் பூ வைக்கும். இதில் காம்புக்கு ஒன்றுதான், அது இல்லை. இன்னொரு வகை சோலைக்குள் மரவேரில் பிடித்துக்கொண்டு உருண்டையாகக் கிளம்பும், அதுவும் இல்லை. மூன்றாவது, குறிஞ்சிச் செடிகளின் அடியில் கும்பலாகத் தரையோடு பூக்கும். எங்கள் பள்ளத்தில் குறிஞ்சியே கிடையாது. கடைசியில் பூவின் அடியை மூடியிருக்கிற புல்லிதழைப் பார்த்தேன். மற்ற பூக்களைப் போல் ஐந்தாகப் பிரியாமல் ஒரே உறையாக இருந்தது, ஒரு பக்கம் மட்டும் கீழ்வரை கிழிந்து, அதன் வழியாகப் பூக்குழல் வெளியே வளைந்து வந்திருந்தது. உறையின் மேல் சிவப்புக் கோடுகள். விரியாத மொட்டு ஒன்றை நகத்தால் கீறினேன். உள்ளிருந்து வழவழவென்று நீர் வழிந்தது. புத்தகத்தில் வரிக்கு வரி அப்படியே இருந்தது. ஏஜினீஷியா இண்டிகா. ஈரப் புல்வெளிகளில், புல்லின் வேரில், மழைக்காலத்தில். தமிழில் பெயர் எதுவும் கொடுத்திருக்கவில்லை. மாட்டுக்கு விஷம் என்று நான் தேடிய எதிலும் ஒரு வார்த்தை இல்லை. கெடுதல் என்றால் அது புல்லுக்குத்தான்.

ஒரு பூவின் பெயரைக் கண்டுபிடித்தால் வழக்கமாக எனக்கு ஒரு அமைதி வரும். அன்றைக்கு வரவில்லை. எறிய ஒரு கல் கிடைத்தது மாதிரி இருந்தது. அன்னக்கூடையைத் தண்ணீரோடு தூக்கிக்கொண்டு பள்ளத்துக்கு இறங்கினேன்.

தம்பிக்காரன் பிளாஸ்டிக் பக்கெட்டில் மருந்தைக் கலக்கிக்கொண்டிருந்தான்.

“டாக்டர் வரல, அதுக்குள்ள எதுக்குங்க கலக்குறீங்க?”

“கலக்கி வச்சா என்னங்க. அடிக்கலியே.”

அன்னக்கூடையை எல்லோருக்கும் நடுவில் வைத்தேன். “பேரு கேட்டீங்கல்ல, கண்டுபுடிச்சுட்டேன். இது விஷச்செடி இல்லீங்க. இதுல பச்சையே கிடையாது. தானாச் சாப்பாடு ஆக்கிக்கத் தெரியாது. அதனால இலையும் இல்ல. இங்க பாருங்க, புல்லோட வேருக்குள்ள பூந்து, அது சேத்து வச்சதை எடுத்துக்குது. அவ்வளவுதான்.”

பக்கத்து வீட்டுக்காரி குனிந்து பார்த்தாள். நிதானமாகத்தான் பார்த்தாள்.

“அப்ப அடுத்தவங்க வேரை உறிஞ்சுற ரகம்” என்றாள். “புல்லையே உறிஞ்சிக் கொல்றது மாட்டை உடுமாக்கும்?”

சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள். நான் சொன்னது அத்தனையும் அவள் பக்கத்துச் சாட்சியாகிவிட்டது. பாடம் நடத்தப் போனால் இப்படித்தான்.

டாக்டர் சின்ன வயசுக்காரர். கம்பூட்ஸ் போட்டுக்கொண்டு சேற்றில் வழுக்கி வழுக்கி இறங்கி வந்தார். யாரிடமும் கதை கேட்கவில்லை. மாட்டின் கண்ணிமையைப் புரட்டிப் பார்த்தார். உதட்டைத் தூக்கிப் பார்த்தார். “வெளுத்துக் கெடக்குதே” என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். பின்னங்காலில் காய்ந்திருந்த கறையை விரலால் சுரண்டிப் பார்த்தார். பிறகு தார்ப்பாயை மறைப்பாகப் பிடிக்கச் சொல்லிவிட்டு அறுக்கத் தொடங்கினார். நான் மறைப்புக்கு வெளியே போகாமல் அங்கேயே நின்றேன். அவளும் போகவில்லை. மாட்டுக்கு அந்தப் புறம் அவள், இந்தப் புறம் நான்.

இரைப்பையில் புல்தான் இருந்தது. நசுங்கிய ஊதாப் பூ இரண்டொன்று இருந்ததை டாக்டர் கத்தி நுனியால் எடுத்துக் காட்டினார். அவள் என்னைப் பார்த்தாள். டாக்டர் அதைத் தூர எறிந்துவிட்டு இன்னும் கீழே அறுத்துக்கொண்டு போனார். மூத்திரப் பையை வெளியே எடுத்தார். கனமாக, கருத்து இருந்தது. கீறியதும் உறைந்த ரத்தம் கட்டிகட்டியாகச் சரிந்தது. உள்சுவர் முழுக்கச் சேவல் கொண்டை மாதிரி சிவப்பாகச் சதை வளர்ந்திருந்தது.

“மூத்திரத்துல ரத்தம் போச்சுங்களா?” என்று கேட்டார்.

“இல்லீங்க” என்றாள் அவள்.

“போச்சுங்க” என்றார் கணவர். “தை மாசத்துல இருந்து போகுதுங்க. விட்டு விட்டு.”

“பெரணி தின்னுமா?”

கணவர் அவளைப் பார்த்தார். பெரணி இந்த மலையில் எங்கே இல்லை? சாலையோரம், தேயிலைச் செடிகளுக்கு ஓரம், எங்கள் வேலியோரம்கூட. கோடையில் புல் காய்ந்துபோனால் அவள் அரிவாளோடு போய் இளம்பெரணியை அறுத்துப் புல்லோடு கலந்து போடுவதை நான் பார்த்திருக்கிறேன். மழைக்காலத்தில் கொட்டகையில் அதையேதான் பரப்புவாள். நிறையப் பேர் அப்படித்தான் செய்கிறார்கள்.

“வருஷக்கணக்காத் தின்னுதுன்னா இப்படித்தான் ஆகும்” என்றார் டாக்டர். “இந்த மலையில நான் அடிக்கடி பார்க்கறதுதான். ரத்தம் போய்ப் போயே செத்திருக்குது. இந்தப் பூவுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. இன்னொரு மாட்டுக்கு இனிமேப் பெரணி காட்டாதீங்க.”

டாக்டர் கை கழுவப் போனார். நான் பேசாமல் வீட்டுக்கு ஏறியிருக்கலாம். என் கணவர் பிற்பாடு பல தடவை அதைத்தான் சொன்னார். ஆனால் காலையில் எல்லோரும் சிரித்தார்களே. சிரித்தவர்கள் எல்லோரும் அங்கேதான் நின்றார்கள்.

“நான் அப்பவே சொன்னேனுங்க, பூவு இல்லைன்னு” என்றேன். எல்லோருக்கும் கேட்கிற மாதிரிதான் சொன்னேன். “வீட்டுல என்ன போட்டீங்கன்னு பார்க்காம என் வாசல்ல கொண்டுவந்து வீசுனீங்க.”

அவள் உரச்சாக்கைத் தலையிலிருந்து இறக்கினாள். மழை அவள் முகத்தில் விழுந்தது.

“ஆமாங்க. நான்தான் கொன்னேன். என்ற கையால அறுத்துப் போட்டு நானே கொன்னேன். கன்னுக்குட்டியாப் புடிச்சாந்து வளர்த்த மாடு. எல்லாரும் கேட்டுக்குங்க” என்றாள். பிறகு என்னிடம் இரண்டடி நெருங்கி வந்து, குரலை இறக்கிக் கேட்டாள்.

“சந்தோஷமா உனக்கு?”

சந்தோஷமாகத்தான் இருந்தது. அந்த நிமிஷம் அப்படித்தான் இருந்தது. ‘ங்க’ உதிர்ந்துபோனதைக்கூட நான் அப்புறம்தான் கவனித்தேன்.

பிரச்சினை அதோடு தீர்ந்தது என்று நினைத்துத் திரும்பினேன். தம்பிக்காரன் ஸ்பிரேயரை முதுகில் மாட்டிக்கொண்டிருந்தான்.

“டாக்டர் சொன்னது காதுல உழலீங்களா?”

“கலக்குன மருந்தை என்னங்க பண்றது? கீழ கொட்டவா?”

“பெரணிக்கு அடிங்க. அதுதானே மாட்டைக் கொன்னுது.”

“பெரணி மலை முழுக்க இருக்குதுங்க. இது கைக்கெட்டுன தூரத்துல இருக்குது.”

நான் குச்சிகளுக்கு முன்னால் போய் நின்றேன். அவன் என்னையும் குச்சிகளையும் பார்த்துவிட்டு அக்கா பக்கம் திரும்பினான். அவள் மாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அடி” என்றாள்.

ஃபேக்டரியில் ஷிஃப்ட் முடிந்து வந்த என் கணவர் எப்போது பள்ளத்துக்கு இறங்கினார் என்று தெரியவில்லை. என் முழங்கையைப் பிடித்தார். “வா மேல” என்றார். “பூவுக்காகச் சேத்துல நின்னு மருந்துல நனையப் போறியா? நாளைக்கும் இவங்க பக்கத்துலதான் நாம இருக்கோணும்.” நான் கையை உதறினேன். அவர் விடவில்லை. நாலு பேர் முன்னால் இழுபறி செய்ய எனக்கு வெட்கமாக இருந்தது. நடந்தேன். பின்னால் ஸ்பிரேயரின் கைப்பிடி ஏறி இறங்குகிற சத்தம் மேடு ஏறும்வரை கேட்டது. அன்றிலிருந்து கொஞ்ச காலம் என் கணவரோடும் சரியாகப் பேசவில்லை.

அந்த மருந்து பச்சையைத்தான் தாக்கும் என்பார்கள். புல் நாலைந்து நாளில் மஞ்சளாகி, பிறகு வைக்கோலாகிப் படுத்தது. ஊதாப் பூக்கள் மட்டும் அதற்கு நடுவில் இன்னும் கொஞ்ச நாள் நின்றன. மறைக்கப் புல் இல்லாததால் மேட்டிலிருந்தே அவை தெரிந்தன. அப்புறம் ஒவ்வொன்றாகக் கருத்துத் தலை சாய்ந்தன. பஸ்ஸுக்குப் போகும்போது தினமும் அந்தப் பக்கம் பார்க்கக் கூடாது என்று நினைப்பேன், பார்ப்பேன்.

ஊரில் பேச்சு என் பக்கம் திரும்பவில்லை. டாக்டர் சொன்னதை எல்லோரும் காதால் கேட்டவர்கள்தான். ஆனாலும், செத்த மாட்டை அறுக்க வைத்த டீச்சர் என்றுதான் டீக்கடையில் பேசினார்கள் என்று கணவர் வந்து சொன்னார். ஒருத்தி அழுதுகொண்டிருக்கும்போது குற்றம் சொன்னவள் நான். எது சரி எது தப்பு என்பது யாருக்கும் பொருட்டாக இல்லை. இத்தனை சண்டையிலும் அவளிடம் வாங்கிக்கொண்டிருந்த பாலை நிறுத்திப் பாக்கெட் பாலுக்கு மாறினோம். குழாய் மட்டும் வழக்கம்போல் கொட்டகைத் தொட்டிக்குத் திரும்பியது. மாடு ஒன்று குறைந்தும் தண்ணீர் அதே அளவு போனது.

பங்குனி வெயிலில் ஒருநாள் கோத்தகிரியிலிருந்து திரும்புகிற பஸ். சந்தைக் கூட்டம். ஏறி உட்கார்ந்த பிறகுதான் ஜன்னலோரம் இருந்தது அவள் என்று தெரிந்தது. எழுந்து நிற்கலாம் என்றால் பின்னால் நெருக்கிக்கொண்டு ஆட்கள். எங்கள் இருவரின் காலடியில் அவளுடைய தவிட்டு மூட்டை.

வளைவில் பஸ் சாய்ந்தபோது அவள் தோள் என் மேல் இடித்தது. அவளே தொடங்கினாள்.

“டாக்டர் சொன்னது சரிங்க. இன்னொண்ணுக்கு நான் பெரணி காட்டுறதில்ல.”

“நல்லதுங்க.”

“நல்லதுன்னு உங்களைச் சொல்லச் சொல்லல.” ஜன்னலைப் பார்த்தபடியே பேசினாள். “ரத்தம் போறது எனக்குத் தெரியாமயாங்க இருந்துது? தினமும் கொட்டகை கழுவறவ நானு. சூடுன்னு நெனைச்சேன். மோர் ஊத்துனேன், வெந்தயம் அரைச்சுக் குடுத்தேன். அன்னிக்கு அது உழுந்து கெடந்தப்ப, அந்தப் பூவா இருந்தாப் பரவால்லன்னு இருந்துது. வேற எதாச்சும் ஒண்ணா இருந்தாப் பரவால்ல. அதையும் புடுங்கீட்டீங்க.”

இதை அவள் கெஞ்சலாகச் சொல்லவில்லை, திட்டுகிற மாதிரிதான் சொன்னாள்.

“நான் சொல்லியும் உங்க தம்பி மருந்து அடிச்சுட்டாருங்க. சொல்லாம இருந்திருந்தா இன்னொரு மாடும் பெரணி தின்னே செத்திருக்கும்.”

“தனியாக் கூப்புட்டுச் சொல்லியிருக்கலாமுங்க.”

“நீங்க தனியாக் கூப்புட்டா என் வாசல்ல வீசுனீங்க? ஊரே பார்க்கத்தானே வீசுனீங்க.”

அவள் திரும்பி என்னை நேராகப் பார்த்தாள். சண்டைக்குத் தயாராகத்தான் இருந்தேன். அவள் மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. இப்போது யோசித்தாலும் அப்படித்தான்.

அரவேணுவில் கண்டக்டர் விசில் அடித்தார். முதலில் நான் எழுந்தேன். அவள் இறங்க வேண்டுமானால் மூட்டை நகர வேண்டும். என் பக்கம்தான் அதைப் பிடித்துத் தூக்குகிற காது இருந்தது. குனிந்து பிடித்தேன்.

“உடுங்க” என்றாள். “நானே எடுத்துக்குவேன்.”

விட்டுவிட்டு இறங்கினேன்.